சங்குப்பூ விதை செத்துப் போகவில்லை, பூட்டிக் கிடக்கிறது

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் எனக்கு 30 சென்ட் செவக்காடு, கிணற்றுப் பாசனம். பூவைக் காயவைத்து விற்கலாமென்று நீலச் சங்குப்பூ விதை 200 வாங்கி, ஆனி மாதம் பாத்தியில் ஊன்றினேன். தினமும் தண்ணீர் விட்டும் 20 நாளில் 11 தான் முளைத்திருக்கிறது. கிளறிப் பார்த்தால் மிச்சமெல்லாம் கல் மாதிரி அப்படியே கிடக்கிறது. செத்த விதையைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா? வாசல் கம்பிவேலிக்கு மயில்மாணிக்கமும் செங்காந்தளும் விதையில் வருமா?

பதில்: அண்ணாச்சி, விதை கொடுத்தவரைத் திட்டவேண்டாம். செத்த விதையாக இருந்தால் 20 நாள் ஈரத்தில் ஊறி அழுகி, விரலால் நசுக்கினால் கூழாகியிருக்கும். கல் மாதிரி கிடக்கிறதென்றால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் போகவில்லை. இன்னும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இதுதான் கதி. சங்குப்பூ பயறு இனத்துச் செடி. குன்றிமணி, கொன்றை மாதிரி இதன் விதைத்தோலும் முற்றிக் காயும்போது இறுகிவிடும். சித்திரையில் பெய்யும் ஒருநாள் மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த வாரமே கருகிப் போகாமலிருக்க செடி வைத்திருக்கும் பூட்டு அது.

பாத்தி மண்ணைச் சலித்து விதைகளை எடுத்துவிடுங்கள். கழுவி உலர்த்தி வைத்திருந்து, ஊன்றும் சமயம் (எப்போது என்று கீழே சொல்கிறேன்) ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் சில விதை உப்பியிருக்கும், அதை அப்படியே ஊன்றலாம். உப்பாததைத் துடைத்து, ஒரு பக்கத்தில் வெள்ளையாகத் தெரியும் தழும்பைப் பாருங்கள். முளை அந்தப் பக்கம்தான் கிளம்பும். அங்கே கை வைக்காமல் எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் லேசாகக் கிள்ளுங்கள். கறுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். மறுபடி ஊறப்போட்டால் பெரும்பாலும் மறுநாளே உப்பிவிடும்.

கிலோக் கணக்கில் விதை இருந்தால் கிள்ளிக்கொண்டிருக்க முடியாது. உப்புத்தாளை டப்பாவின் உள்சுவரில் சுற்றி, விதையைப் போட்டுத் தோலின் பளபளப்பு மங்கும்வரை குலுக்கலாம். வெந்நீர் முறையும் உண்டு: கொதித்த தண்ணீரை இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடவேண்டும். அடுப்பில் இருக்கும்போதே போட்டுவிடாதீர்கள். நான் ஒரு தடவை அவசரப்பட்டுப் போட்டு, சுண்டல்தான் கிடைத்தது.

மற்றபடி, இப்போது காட்டில் ஊன்றாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிஞ்சுக்கொடி கம்பைப் பிடிப்பதற்குள் முறிந்துவிடும். ஆவணி நடுவில் நாற்றுப்பையில் போடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் சம அளவு. ஆழம் ஒரு சென்டிமீட்டர் போதும், செவல் மண் மேலே இறுகினால் முளை முட்டி நிற்கும். ஊன்றும் முன் பயறுவகை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். யூரியா வேண்டாம், இலைதான் தழைக்கும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பந்தல் வரிசை கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேல்காற்று குறுக்கே மோதாமல் வரிசையோடு போகும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மேட்டுப்பாத்தியில் நடுங்கள்.

விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பூவை தினமும் காலையில் பறிக்கவேண்டும், நிழலில் உலர்த்தவேண்டும். வெயிலில் போட்டால் நீலம் வெளுத்துவிடும். பத்துக் கிலோ பூ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். பறிகூலியைக் கணக்குப் போட்டு, வாங்குகிற ஆளைக் கண்ணால் பார்த்தபிறகு 30 சென்ட்டையும் நிரப்புங்கள். முதலில் ஐந்து சென்ட் போதும்.

மயில்மாணிக்கம் தொல்லையே இல்லை. ஓர் இரவு ஊறவைத்து வேலியோரம் ஊன்றினால் வாரம் பத்து நாளில் தலைகாட்டும். அடுத்த வருஷம் விழுந்த விதையே முளைத்து, களையெடுக்கத்தான் ஆள் தேடுவீர்கள். செங்காந்தள் அப்படியல்ல. விதை முளைக்கவே மாதக்கணக்காகும், பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகிவிடும். அதனால்தான் கிழங்கை நடுகிறார்கள். நுனிக்குருத்து ஒடியாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், ஒடிந்தால் அந்த முனையில் முளைக்காது. செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம். ஆடோ சின்னப்பிள்ளைகளோ நடமாடும் வாசலென்றால் வேண்டாம் என்பேன்.

முளைத்த அந்த 11 செடியைப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்துவிடும். நின்ற இடத்திலேயே மேற்குப் பக்கம் ஓலைத்தட்டி கட்டிக் கம்பு ஊன்றுங்கள். காய் பழுப்பாகும்போது காலை ஈரத்திலேயே பறித்துவிடுங்கள். உச்சிவெயிலில் வெடித்து முறுக்கிக்கொண்டு, விதையைத் தெறித்துவிடும்.