நியூட்ரல் விழவில்லை என்றால் கியர் பாக்ஸ் போச்சா?

கேள்வி: அண்ணே, எனக்கு வீடு குமுளியில், வேலை கம்பத்தில். தினமும் மலை இறங்கி ஏறுகிறேன். இரண்டு மாதம் முன்னால் கட்டப்பனையில் ஒருவரிடம் 2009 மாடல் 100 சிசி பைக் வாங்கினேன். நாலு கியர், எல்லாமே முன்னால் மிதிப்பது. காலையில் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் மலை ஏறி வந்து நிறுத்தினால் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது, இன்ஜினை அணைத்தால்தான் விழுகிறது. இரண்டிலிருந்து மூன்று போடும்போது சில நேரம் நடுவில் நின்று இன்ஜின் சும்மா அலறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பாக்ஸ் போச்சு, இன்ஜினை இறக்கணும், 9,000 ஆகும் என்கிறார்கள். செய்யலாமா, வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. அணைத்தால் நியூட்ரல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. உள்ளே பல் உடைந்தோ, கியரைத் தள்ளி நகர்த்தும் ஃபோர்க் வளைந்தோ இருந்தால் இன்ஜின் ஓடாதபோதும் தகராறு செய்யும். ஓடும்போது மட்டும், அதுவும் சூடான பிறகு முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான் வர வேண்டும். நீங்கள் லிவரைப் பிடித்த பிறகும் பிளேட்டுகள் முழுசாக விலகாமல் ஒட்டிக்கொண்டு கியரைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அந்த அழுத்தத்தில் கியர் நகராது.

வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒன்றிலிருந்து நாலு வரை மிதித்து, அப்படியே திரும்பி வாருங்கள். சக்கரம் சுற்றாமல் மிதித்தால் நல்ல வண்டியிலும் கியர் சிக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாலும் டக் டக்கென்று விழுந்தால் இன்ஜினைப் பிளக்க இன்னும் காரணம் எதுவும் இல்லை.

அடுத்து கேபிள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் லிவர் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும், அதற்குப் பிறகுதான் கிளட்ச் பிடிக்க வேண்டும். அதைவிட அதிகம் ஆடினால் கேபிளின் அட்ஜஸ்டர் திருகை வெளியே திருகித் தொய்வைக் குறையுங்கள். திருகு முழுக்க வெளியே வந்தும் தொய்வு போகவில்லை என்றால் கேபிள் இழுபட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலைதான். குமுளி மழையில் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. ஐடில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், அதிகமாக வைத்திருந்தாலும் நியூட்ரல் விழாது, அதையும் குறைத்துப் பாருங்கள்.

ஆயில்! பழைய ஆள் எப்போது, என்ன ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வண்டியில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன, அதனால் அதை மாற்றாமல் கியரைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடில், டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்ட பைக் ஆயிலாக வாங்குங்கள், கார் ஆயில் கூடாது. இறக்கிய ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மாவு மாதிரி கொஞ்சம் பொடி இருந்தால் பரவாயில்லை, சில்லுசில்லாக உலோகம் வந்தால்தான் உள்ளே ஏதோ உடைகிறது.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லையா, அப்போது வலது பக்கக் கவரைக் கழற்றி கிளட்ச் பிளேட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட் உட்காரும் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தாலும் பிளேட்டு விலகாது. இதற்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பது வேறு கதையாக இருக்கலாம். கியர் லிவரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டில் பல் தேய்ந்து லிவர் வழுக்குகிறதா, எப்போதோ கீழே விழுந்ததில் வளைந்து கவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ இடிக்கிறதா? இடித்தால் பாதி மிதிதான் உள்ளே போகும். லிவர் சரியாக இருந்தால், கிளட்சுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு கியரை நிறுத்திப் பிடிக்கும் கை ஒன்று இருக்கும், அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதே கவரைத் திறக்கும்போதே பார்த்துவிடலாம்.

இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டிய அடையாளமும் உண்டு: காலை லிவரிலிருந்து எடுத்த பிறகும், ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறும்போது போட்ட கியர் தானாகத் துள்ளி வெளியே வருவது. அது பெரும்பாலும் கியரின் பற்கள் தேய்ந்ததால், அல்லது ஃபோர்க் வளைந்ததால் வருவது. நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆனால் இந்த வாரம் கவனியுங்கள். அப்படித் துள்ளினால் சரிசெய்யும் வரை அந்த வண்டியில் லோயர் கேம்ப் பக்கம் இறங்காதீர்கள். இறக்கத்தில் கியர் கழன்றால் இன்ஜின் பிடி போய்விடும், முழு பாரமும் பிரேக்கில் விழும், வளைவில் அது உயிர் விஷயம்.

ஓட்டிப் பார்க்காமல் விலை சொன்ன கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். எங்கே கொடுத்தாலும் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன், ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? 2009 வண்டிக்கு 15 வருடப் பதிவு 2024-லேயே முடிந்திருக்கும், அப்புறம் 5 வருடத்துக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காத வண்டி என்றால் பெரிய ரிப்பேருக்குப் பணம் இறக்குவதற்கு முன்னால், விற்றவரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அதை முடியுங்கள்.