நடக்காத வகுப்புக்கு உங்கள் கையெழுத்து

கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சி மையம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தேன். நடக்காத வகுப்புகளுக்கும் பதிவுத்தாள் எழுதச் சொல்லி நிர்வாகி வற்புறுத்தினார், எழுதினேன். ஒரு கட்டத்தில் மனம் பொறுக்காமல் விலகிவிட்டேன். எல்லோர் முன்னிலையிலும் என்னை அவமானப்படுத்தினார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இரண்டு ஆண்டுகளுக்கு இதே தொழிலைச் செய்யக் கூடாது என்று இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. 'சம்பளம் வராவிட்டால் பெற்றோரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன், பதில் இல்லை. நடத்தைப் பயிற்சியாளர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க வாரியத்தில் புகார் செய்யலாமா?

பதில்: அவமானத்துக்கு வழக்கு வேண்டாம். நோட்டீஸுக்குப் பயமும் வேண்டாம். வேலையை விட்டவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஷரத்து, ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவின்படி செல்லாது. அமெரிக்க வாரியம் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களையே ஏற்பதில்லை. நிர்வாகியிடம் அதன் சான்று இல்லையென்றால் அதன் நெறிமுறை அவரைத் தொடாது. அலைச்சல்தான் மிச்சம்.

வழக்கு நிற்கும் இடம் ஒன்றுதான்: அந்தத் தாள்களில் யார் கையெழுத்து?

என்னிடம் வந்த ஒருவர், நிர்வாகி மீது புகார் கொடுத்த பிறகுதான் வந்தார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை நீட்டியது. ஜனவரி 15, காலை பத்து முதல் பதினொன்று வரை. அடம்பிடித்தது ஏழு முறை, கையைக் கடித்துக்கொண்டது இரண்டு முறை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, அழகாகக் குறித்திருந்தார். பொங்கல் விடுமுறை, மையம் பூட்டிக் கிடந்தது. புகார் கொடுத்தவரே வழக்கில் இரண்டாவது குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். ஊழியர் ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தோடு பதிவேட்டில் பொய் எழுதினால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 344வது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. 'முதலாளி சொன்னார்' என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், விடுதலைக்கு உதவாது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது அந்த வாட்ஸ்அப் செய்தி. பெற்றோரிடம் உண்மையைச் சொல்வது வேறு, பணம் தராவிட்டால் சொல்வேன் என்பது வேறு. இரண்டாவதை மிரட்டிப் பணம் பறித்தல் என்று அதே சட்டத்தின் 308வது பிரிவில் எழுத எந்த வழக்கறிஞருக்கும் பத்து நிமிடம் போதும். வரவேண்டிய சம்பளத்தைத்தானே கேட்டேன் என்று நீங்கள் வாதாடலாம். அதை முன்ஜாமீன் மனுவில் வாதாட வேண்டிவரும். அவர் பதில் போடாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே சமாதானமாகப் போங்கள். சம்பளத்தை விட்டுவிடுங்கள். பதிலுக்கு மூன்று கேளுங்கள்: பணி விடுவிப்புக் கடிதம், நோட்டீஸை வாபஸ் பெறுதல், நடக்காத வகுப்புகளுக்கான கட்டணத்தைப் பெற்றோருக்கு வங்கி வழியாகத் திருப்பித் தருதல். மூன்றாவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்; பணம் கைக்கு வந்துவிட்ட பெற்றோர் காவல் நிலையம் போவது அரிது. இனி நிர்வாகியோடு பேச்சு வழக்கறிஞர் மூலமாகத்தான். வாட்ஸ்அப் செய்தியை அழிக்கவும் வேண்டாம், பழைய தாள்களைத் 'திருத்தவும்' வேண்டாம்.

குழந்தைகளை அடித்ததையோ கட்டிவைத்ததையோ பார்த்திருந்தால் மட்டும் மேலே சொன்ன சமாதானம் பொருந்தாது. அது சிறார் நீதிச் சட்டத்தின் 75வது பிரிவு. அப்படியானால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.