வைக்கிங் பாணிக் கத்தியும் அதற்குத் தோல் உறையும் கையாலேயே செய்ய முடியுமா? எதில் தொடங்குவது? கத்தியை முடித்துவிட்டு அப்புறம் உறை தைக்கலாமா?

தாராளமாக முடியும். பெரிய பட்டறை எதுவும் வேண்டாம். பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், நாலைந்து நல்ல அரங்கள், உப்புத்தாள், ஒரு குத்தூசி, மழுங்கின முனையுள்ள இரண்டு தோல் ஊசிகள் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். ஆனால் "கத்தியை முடித்துவிட்டு அப்புறம் உறை தைக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வகைக் கத்தியை உறைதான் பிடித்து நிறுத்துகிறது. பட்டன் வைத்த வார் கிடையாது, கைப்பிடிக்கும் அலகுக்கும் (வெட்டும் தகடு) நடுவே குறுக்குக்கட்டை கிடையாது. கைப்பிடியே பாதிக்கு மேல் உறைக்குள் இறங்கி, தோலின் இறுக்கத்தில் நிற்கும். அதனால் பிடியைச் செதுக்கும்போதே உறையின் வாய் எந்த இடத்தில் வரும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எவ்வளவு அழகான கத்தியும் உறையில் ஆடும்.

நான் நார்வேயில் இருக்கிறேன். இங்கே 1910-இல் தொடங்கிய கைவினைச் சங்கம் ஒன்று உண்டு, நூர்கெஸ் ஹூஸ்ஃபிலிட்ஸ்லாக் என்று பெயர். நாடு முழுக்க அதற்குக் கிளைகள். நெசவு, மரச்செதுக்கு, கத்தி வேலை என்று மாலை வகுப்புகள் நடக்கும். நான் கற்றுக்கொண்டது அப்படி ஒரு வகுப்பில். கீழே எழுதுவதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்து செய்து பார்த்தவை.

முதலில் எந்தக் கத்தி என்று தெளிவாகிவிடுங்கள். இணையத்தில் "வைக்கிங் கத்தி" என்று தேடினால் முழ நீளத்தில், ரூன் எழுத்து பொறித்து, அலை அலையான டமாஸ்கஸ் கோலத்தோடு வந்து நிற்கும். அந்தக் காலத்து ஆட்கள் தினமும் இடுப்பில் வைத்திருந்தது அது இல்லை. வைக்கிங் காலம் என்று வழக்கமாகச் சொல்வது 793 முதல் 1066 வரை. ஸ்வீடனில் பிர்கா, இன்றைய ஜெர்மனியின் வட எல்லையில் இருக்கும் ஹெடெபி, இங்கிலாந்தில் யார்க் என அந்தக் கால வணிக ஊர்களைத் தோண்டிய இடங்களில் எல்லாம் கிடைப்பது சின்னச் சின்ன வேலைக் கத்திகள். ஆண்களின் கல்லறையிலும் இருக்கிறது, பெண்களின் கல்லறையிலும் இருக்கிறது. சாப்பாடு, மரம், தோல், கயிறு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கத்திதான். போருக்கான நீண்ட ஒற்றைக்கூர்க் கத்தி, சாக்ஸ் என்பார்கள், அது தனி வகை. முதல் முயற்சிக்கு அது வேண்டவே வேண்டாம். உங்கள் உள்ளங்கை அகல நீளத்துக்கு, அதாவது 8 முதல் 10 செ.மீ. வரை அலகு, 2 செ.மீ. சொச்சம் அகலம், 3 மி.மீ. கனம் போதும்.

யார்க் நகரின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு நமக்குப் பெரிய புதையல். அங்கே மண் ஈரத்திலேயே கிடந்ததால் இரும்போடு தோலும் மரமும் அழுகாமல் வந்தன. கத்திகளை வெட்டிச் சோதித்தபோது இரண்டு கட்டுமானங்கள் முக்கியமாகத் தெரிந்தன. ஒன்று, நடுவில் கடினமான எஃகுத் தகடு, இரு பக்கமும் மெத்தென்ற இரும்பு. இன்னொன்று, முதுகு முழுக்க இரும்பு, கூர் வரும் ஓரத்தில் மட்டும் எஃகுப் பட்டையை உலையில் ஒட்டியது. எஃகு அன்று விலை அதிகம், அதனால் தேவையான இடத்தில் மட்டும் வைத்தார்கள். இரண்டாவது வகை, தீட்டித் தீட்டி எஃகுப் பட்டை தேய்ந்ததும் பயன் தீர்ந்துபோகும். முதல் வகையை ஈர்க்குச்சி அளவுக்கு மெலியும் வரை தீட்டலாம். அருங்காட்சியகங்களில் பார்க்கும் பல அலகுகள் வயிறு ஒட்டி வளைந்து இருப்பது தீட்டித் தேய்ந்ததால்தான், செய்தபோது அந்த வடிவம் இல்லை. இது தெரியாமல் தேய்ந்த வடிவத்தை அப்படியே நகலெடுத்துச் செய்கிறவர்கள் நிறைய. மூவடுக்கு முறை இன்றும் சாகவில்லை: 1932 முதல் நார்வேயின் ஹோல்மெடால் என்ற ஊரில் இயங்கும் ஹெல்லே நிறுவனம் மூவடுக்கு எஃகில்தான் பெயர் பெற்றது.

சரி, நீங்கள் அலகை எப்படிப் பெறுவது? இரண்டு வழி. ஆயத்த அலகை வாங்கி, பிடியும் உறையும் மட்டும் செய்வது ஒன்று. இங்கே அனுபவசாலிகள்கூட அப்படித்தான் நிறையச் செய்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதல் கத்திக்கு நான் இதைத்தான் சொல்வேன். இன்னொன்று நீங்களே அடிப்பது. 0.8 சதவீதம் அளவுக்குக் கரி உள்ள சாதாரணக் கார்பன் எஃகுப் பட்டை வாங்குங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையிலும் நல்ல கத்தி வரும், நம்மூர் ஆசாரிகள் அரிவாள் அடிப்பது அதில்தான். ஆனால் அதன் கனம் இந்தச் சின்னக் கத்திக்கு மிக அதிகம், உலையில் வைத்து நீட்டி மெலிய அடித்தாக வேண்டும்.

அலகின் பின்பக்கம் குறுகி ஒரு வாலாக நீளும். அதுதான் பிடிக்குள் போகும். வாலும் அலகும் சேரும் மூலையை அரத்தால் சதுரமாக வெட்டாமல் சிறு வளைவாக விடுங்கள். கத்தி முறிவதென்றால் அந்த மூலையில்தான் முறியும். கூர்ச்சாய்வைப் பொறுத்தவரை, வைக்கிங் காலத்து அலகுகள் பெரும்பாலும் முதுகிலிருந்து கூர் வரை ஒரே ஆப்பு வடிவம். இன்று ஸ்காண்டி என்று சொல்லும், கீழ்ப்பகுதியில் மட்டும் அகலமாக இறங்கும் தட்டைச் சாய்வு பிற்காலத்தது. தீட்டும்போது அந்தச் சாய்வையே கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு அது வசதி. 3 மி.மீ. கனத்துக்கு ஒரு பக்கம் 12 டிகிரி வைத்தால் சாய்வின் உயரம் சுமார் 7 மி.மீ. வரும்.

சூடேற்றும் வேலையில் அவசரம் ஆகாது. செந்நிறம் ஏறும்போது ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். 770 டிகிரி செல்சியஸை ஒட்டி எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு ஒரு படி மேலே, 800 டிகிரி அளவில், 50-60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் அலகின் நுனியை முன்னே விட்டு நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் அசைத்தால் அலகு கோணிக்கொள்ளும். ஆறியதும் கூரில் அரத்தைப் போட்டால் பிடிக்காமல் வழுக்க வேண்டும். இந்த நிலையில் அது கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும், உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம் வையுங்கள். மினுக்கிய பரப்பில் இளம் வைக்கோல் நிறம் படரும். எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். மூடியுள்ள இரும்புப் பாத்திரம், திறந்த வெளி, பக்கத்தில் வேறு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் செய்யாதீர்கள்.

பிடிக்கு இங்கே பிர்ச் மரம்தான் முதல் தேர்வு, அதிலும் நரம்பு சுருண்டு கோலம் போட்ட பிர்ச். ஜூனிபர், பனிமான் கொம்பு எல்லாம் உண்டு. நான் அதிகம் விரும்புவது பிர்ச் பட்டை. மரத்தின் மேல்பட்டையைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, நடுவில் துளையிட்டு, வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, வைஸில் இறுக்கி, இரு முனையிலும் பித்தளைத் தகடோ கொம்புத் துண்டோ வைத்து வாலின் நுனியைத் தட்டி அகலப்படுத்திப் பூட்டுவது. அரத்தால் உருட்டியதும் மெல்லிய பழுப்பு வரிகள் தெரியும். பனியில் கையுறை இல்லாமல் பிடித்தாலும் சில்லென்று இருக்காது, நனைந்தாலும் வழுக்காது. நீங்கள் இந்தியாவில் இருந்தால் மான்கொம்பு பக்கம் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். கெட்டியான, நன்றாகக் காய்ந்த எந்த மரமும் போதும்.

மரப்பிடி என்றால் சிறு துளை போட்டு, வாலின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே அழுத்துவது பழைய முறை. மரம் கருகி, வாலின் வடிவத்துக்கே இடம் விடும். அலகுக்குத் தோய்ச்சல் கொடுப்பதற்கு (சூட்டோடு எண்ணெயில் இறக்குவதற்கு) முன்பே இதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலகின் கடினம் இறங்கிவிடும். பசைக்கு அக்காலத்தில் பிர்ச் பட்டையிலிருந்து வடித்த தார் உண்டு. இன்று எபாக்சி.

இனிமேல் சொல்வதுதான் நீங்கள் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி. பிடியை உருட்டும்போது அலகுப் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குள் லேசாகப் பருத்து, அதற்கப்புறம் சிறிது ஒடுங்கும்படி விடுங்கள். ஒடுங்கும் அந்த இடத்தில் உறையின் வாய் வரவேண்டும். ஈரத்தில் தைத்த தோல் காயும்போது ஒடுங்கி, பருத்த பகுதிக்கு மேலே கழுத்துப் போலக் கவ்விக்கொள்ளும். கத்தியை உள்ளே தள்ளும்போது ஒரு கட்டத்தில் தடை தெரியும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் "டப்" என்று உட்காரும். உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், விழக்கூடாது. எடுக்கும்போது கட்டைவிரலால் உறையின் வாயை உந்தினால் ஒரு கையாலேயே வெளியே வரவேண்டும்.

தோல், கட்டாயமாக மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்க வேண்டும். கனம் 2 முதல் 2.5 மி.மீ. குரோமியத்தில் பதனிட்ட தோல் எவ்வளவு நனைத்தாலும் வடிவம் ஏற்காது, உள்ளே இருக்கும் உப்புகள் அலகைத் துருப்பிடிக்க வைக்கும். வடக்கே ஓக், வில்லோ, பிர்ச் பட்டைகளில் பதனிட்டார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம்: ஆவாரம்பட்டையில் பதனிட்டு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன சரக்கு திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத்துடையது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இதில் கனமான மாட்டுத் தோலாகக் கேட்டு வாங்குங்கள்.

வார்ப்புருவுக்குக் கத்தியைச் சுற்றிக் காகிதம் போர்த்திக் குறித்துக்கொள்ளலாம். வைக்கிங் காலத்து உறைகள் பெரும்பாலும் ஒரே தோலை மடித்து, ஓரத்தில் தைத்தவை அல்லது வெண்கல ஆணி அடித்தவை. உறையின் நடு முதுகில் தையல் வரும் அமைப்பு இன்றைய நார்வேக் கத்திகளில் அதிகம். எதுவானாலும் கூர் தோலை வெட்டாமல் இருக்க வழி வேண்டும். ஓரத் தையலுக்கு நடுவில் ஒரு தோல் கீற்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். முதுகுத் தையலுக்கு அலகின் அளவில் மெல்லிய மரக்கூடு செய்து உள்ளே நுழைத்துவிடுங்கள்.

தோலை வெதுவெதுப்பான நீரில், குமிழி வருவது நிற்கும் வரை ஊறப்போடுங்கள். கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஈரத் தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கன்னங்கரேலென்று கறை ஏறும். கலம்காரித் துணிக்குக் கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்பு ஏற்றுவது இதே வினையால்தான், தோலில் ஏறினாலும் போகாது. கத்தியை உள்ளே வைத்தபடியே, மெழுகேற்றிய லினன் நூலில் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் விட்டு இழுங்கள். துளைகளுக்கிடையே 3-4 மி.மீ. போதும். நூல் தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு. இப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை அவிழாது.

தைத்து முடித்ததும் வழவழப்பான எலும்புத் துண்டாலோ கரண்டிக் காம்பாலோ தோலை அழுத்தித் தேய்த்துப் பிடியின் வடிவத்தை வெளியே கொண்டுவாருங்கள். தோல் இன்னும் லேசான ஈரத்தில் இருக்கும்போதுதான் கோலம் பதிக்க வேண்டும். யார்க் உறைகளில் பிடிப் பகுதிக்கு ஒரு கட்டமும் அலகுப் பகுதிக்கு வேறு கட்டமுமாகக் கோடு கீறியிருப்பார்கள். உள்ளே கத்தி எப்படி இருக்கிறது என்று வெளியிலேயே தெரியும். பின்னல் முடிச்சுக் கோலம் எல்லாம் அப்புறம் பழகலாம், இரண்டு இணைகோடும் நடுவில் குறுக்குக் கீறலும் போட்டாலே பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும். நிழலில் காயவிடுங்கள். வெயிலில், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். முழுக்கக் காய்ந்ததும் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் உருக்கிக் கலந்து மெல்லிசாகத் தேய்க்கலாம்.

கருவி வாங்கத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1936-இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், மேஸ்டர்மீர் என்ற சதுப்பு நிலத்தை உழுத விவசாயி ஒருவரின் கலப்பையில் ஓர் ஓக் பெட்டி மாட்டியது. உள்ளேயும் சுற்றியும் இருநூறு வரையான பொருட்கள்: சுத்தியல், குறடு, அரம், ரம்பம், கோடாலி, துளைப்பான். கொல்லருக்கும் தச்சருக்கும் வேண்டியவை ஒரே பெட்டியில். இப்போது ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் அரத்தைப் பார்த்தால் உங்கள் மேசையில் இருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பராமரிப்பு சுலபம். கத்தியை மாதக்கணக்கில் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள், கார்பன் எஃகு ஈரத்தில் துருப்பிடிக்கும். தீட்டுவதற்கு நைசான கல் ஒன்று போதும். நார்வேயில் டெலமார்க் பகுதியின் எய்ட்ஸ்போர்க் மலையிலிருந்து வெட்டிய சாணைக்கற்கள் வைக்கிங் காலத்தில் கப்பலேறி ஹெடெபி, யார்க் வரை போயிருக்கின்றன, துளையிட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு கற்களும் அதில் உண்டு. அந்த வேலையைக் கடையில் கிடைக்கும் எந்த நல்ல கல்லும் செய்யும்.

கடைசியாகச் சட்டம். நார்வேயில் பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது. காட்டுக்கு, மீன்பிடிக்க, வேலைக்கு என்றால் தடையில்லை. தேசிய தினமான மே 17-இல் பாரம்பரிய உடையோடு இடுப்பில் கத்தி தொங்கவிடுபவர்களையும் பார்க்கலாம். இந்தியாவில் ஆயுதச் சட்ட விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாதது என்றால் சிக்கல். நான் மேலே சொன்ன அளவு அதற்கு வெகு கீழே. ஆனாலும் பேருந்தில், ரயிலில் எடுத்துப்போக வேண்டியிருந்தால் பைக்குள் கட்டி வையுங்கள், இடுப்பில் வேண்டாம்.