டீச்சரா, இன்ஜினியரா? இபிஎஃப் பணத்தில் கை வைக்கும் முன்

கேள்வி: என் மகள் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) அறிவியல் முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். என் வீட்டுக்காரருக்கு அவள் டீச்சராக வேண்டும். ஆசிரியர் பல்கலைக்கழகமான உப்சியில் கணித ஆசிரியர் படிப்பை, யுபியுவில் (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம்) முதலில் போடச் சொல்கிறார். "கவர்மென்ட் வேலை, பென்ஷன் உண்டு, வீட்டுப் பக்கத்திலேயே ஸ்கூல் கிடைக்கும்" என்பது அவர் வாதம். இதற்கிடையில் கோலாலம்பூர் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கு ஆஃபர் கொடுத்துவிட்டது. நான்கு வருடத்துக்கு 88,000 வெள்ளி (ரிங்கிட்). என் வீட்டுக்காரருக்கு வயது 52, பிறையில் தொழிற்சாலை டெக்னிஷியன், சம்பளம் 3,800. நான் பள்ளி கேண்டீனில் 1,400 வாங்குகிறேன். வங்கியில் 9,000 இருக்கிறது. அவர் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி), முன்பு இரண்டாவது கணக்கு என்றிருந்த அக்கவுன் செஜாத்ராவில் 40,000 இருக்கிறது, எடுக்கலாமா? குறைவதற்கு என் நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். இளையவன் படிவம் மூன்றில் (ஒன்பதாம் வகுப்பு) இருக்கிறான். – புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் இரண்டு சண்டை ஒன்றாக நடக்கிறது. எந்தப் படிப்பு என்பது ஒன்று, எங்கே படிப்பது என்பது இன்னொன்று. பணத்தைப் பொறுத்தவரை முதல் சண்டையில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தை முழுங்கக்கூடியது இரண்டாவதுதான்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பென்ஷன் கணக்கைப் பார்ப்போம். 2024 பிப்ரவரி 1 முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் திட்டம் கிடையாது, இபிஎஃப்தான். உங்கள் மகள் டீச்சரானாலும் சரி, பாயான் லெப்பாஸில் இன்ஜினியரானாலும் சரி, வயதான காலத்துக்கு அவள் கையில் இருக்கப்போவது இபிஎஃப் சேமிப்பு. வீட்டுப் பக்கத்து ஸ்கூல் என்பதும் ஆசைதான். உப்சியில் கணிதம் முடிப்பவர்கள் பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிக்குப் போவார்கள். படிப்பு முடிந்தாலும் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வைத் தாண்டி, போஸ்டிங் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது பக்கத்து ஜாவியாகவும் இருக்கலாம், சரவாக்கின் உட்பகுதியாகவும் இருக்கலாம்.

ஆசிரியர் வேலையை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆட்குறைப்பு பயம் இல்லாத வேலை அது. பினாங்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியதிலிருந்து அங்கே ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 2008, 2009-ல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதைப் பிறையில் வேலை செய்யும் உங்கள் வீட்டுக்காரர் மறந்திருக்க மாட்டார். அவருடைய பயம் அங்கிருந்து வருகிறது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பென்ஷனைக் காரணமாகச் சொன்னால் அது காலாவதியான காரணம்.

படிக்கும்போதே வரும் ஒரு செலவைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் படிப்பில் ஒரு செமஸ்டர் அளவுக்கு பிராக்டிகம் வரும், அதாவது பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி. சம்பளம் இல்லை. தங்கும் இடம், தினசரி போக்குவரத்து, டீச்சர் மாதிரி உடுத்த நாலைந்து பாஜு கூரோங் அல்லது சேலை, கற்பித்தல் பொருட்கள், கலர் பிரிண்ட் எல்லாமே கைக்காசு. அந்த செமஸ்டருக்கென்று 3,000 ரிங்கிட் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். இன்ஜினியரிங்கிலும் குறைந்தது 8 வாரம் தொழிற்சாலைப் பயிற்சி கட்டாயம். ஆனால் பினாங்கில் அநேக கம்பெனிகள் அதற்கு அலவன்ஸ் கொடுக்கின்றன, அவள் வீட்டிலிருந்தே போய் வரவும் முடியும்.

இனி 88,000-க்கு வருவோம். அது கட்டணம் மட்டும்தான். அறை வாடகை, சாப்பாடு, எல்ஆர்டி ரயில் என்று மாதம் 1,400 வைத்தால், வருடத்துக்குப் பத்து மாதம் என்று 40 மாதத்துக்கு 56,000. இரண்டும் சேர்ந்து 144,000 ரிங்கிட். பிடிபிடிஎன் (அரசாங்கக் கல்விக் கடன் நிதி) கடன் எவ்வளவு என்பது உங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்து முடிவாகும். முழுக் கட்டணத்தையும் அது மூடும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகம் அனுப்பிய கட்டணத் தாளின் அடிப்பகுதியையும் ஒருமுறை படியுங்கள். லேப் கட்டணம், தேர்வுக் கட்டணம், "ரிசோர்ஸ்" கட்டணம் என்று சின்ன எழுத்தில் ஏதாவது இருந்தால் அவை 88,000-க்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

இதே இன்ஜினியரிங்கை அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்தால் நான்கு வருடக் கட்டணம் மொத்தமாகவே 10,000 ரிங்கிட்டைத் தொடாது. பெர்லிஸில் யுனிமேப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் இருக்கிறது. அது ஆராவ் பக்கம். உங்கள் ஊரில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் ஆராவில் இறங்கலாம். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், அதுவும் கொம்யூட்டர் பாதையில்தான். அங்கே எலெக்ட்ரானிக் இன்ஜினியரிங் படித்தவர்கள் கம்ப்யூட்டர் துறை வேலைக்குப் போவது பினாங்கில் சர்வசாதாரணம். "கம்ப்யூட்டர்" என்ற சொல் பட்டத்தில் இல்லை என்பதற்காக மகள் அதை ஒதுக்கினால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

அரசாங்க இடத்துக்கு 25,000 ரிங்கிட் பிடிபிடிஎன் கடன் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1% கட்டணம். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 230 வரும். அதுவும் படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணால் கட்டக்கூடிய தொகை. முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளோடு கடன் தள்ளுபடியும் உண்டு. பாதியில் நின்றாலும் வாங்கியதைக் கட்டித்தான் ஆக வேண்டும், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இபிஎஃப் 40,000-ஐப் பிள்ளை படிப்புக்காக எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எடுக்காதீர்கள் என்பது என் பதில். 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30%. அவ்வளவு வேண்டாம், 5% என்றே வைத்தாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு 60 ஆகும்போது அந்த 40,000 சுமார் 59,000 ஆகியிருக்கும். 1 சதவீதத்தில் கடன் கிடைக்கும்போது 5, 6 சதவீதம் ஈட்டும் பணத்தை எடுத்துக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. மகளுக்குக் கடனை அடைக்க முப்பது வருடம் இருக்கிறது, அவருக்கு எட்டு வருடம்தான் மிச்சம். இளையவனும் வரிசையில் நிற்கிறான்.

நகை விஷயம் இன்னும் மோசம். அடகுக்கடை வட்டி மாதம் 2% வரை போகும். 12,000 வாங்கினால் மாதம் 240, வருடத்துக்கு 2,880. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடக் கட்டணத்தைவிட அது அதிகம்! கூட்டுப் பணம் (சீட்டு) போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் விடுங்கள். 1971-லிருந்து அது சட்டவிரோதம், நடத்துகிறவர் ஓடிப்போனால் கேட்க நாதி இல்லை.

எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டால் வரி மிச்சம் என்று ஏஜென்ட் யாராவது வருவார். 3,800 சம்பளத்தில், மகள் பட்டப்படிப்பில் இருக்கும்போது கிடைக்கும் 8,000 பிள்ளைக் கழிவும் சேர்ந்தால், உங்கள் வீட்டுக்காரருக்கு அநேகமாக வரியே வராது. பிடிபிடிஎன் விண்ணப்பத்துக்கு எஸ்எஸ்பிஎன் கணக்கு தேவை, அதற்காகத் திறங்கள். அது போதும். வங்கியில் உள்ள 9,000-ல் லேப்டாப், முதல் செமஸ்டர் கட்டணம், ஹாஸ்டல் சாமான் எல்லாம் முடிந்துவிடும்.

எந்தப் படிப்பை முதலில் போடுவது? என்னைக் கேட்டால் இன்ஜினியரிங். காரணம் சம்பளம் இல்லை. பொறியியல் பட்டம் வாங்கியவர் பிறகு கல்வி டிப்ளோமா செய்து ஆசிரியராகலாம், அந்த வழி இருக்கிறது. கணித ஆசிரியர் பட்டத்தோடு பொறியாளர் வாரியத்தில் பதிய முடியாது. பிடிக்காத படிப்பில் உட்காரவைத்து, இரண்டாம் வருடத்தில் நின்றுபோனால் அதைவிட விலை உயர்ந்த படிப்பு இல்லை.

யுபியு ஒரு மாணவருக்கு ஒரே ஒரு இடம்தான் கொடுக்கும், அதனால் வரிசை முக்கியம். யுஎஸ்எம் எலெக்ட்ரானிக், யுனிமேப் கணினி, யுடிஎம், யுடெம் என்று போட்டுவிட்டு, அதற்குக் கீழே உப்சி கணிதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் படிப்புக்கு மெட்சி என்ற தகுதித் தேர்வும் நேர்முகமும் உண்டு, அவற்றைத் தவறவிட வேண்டாம். அப்பாவின் பேச்சுக்கும் ஒரு இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

தனியார் ஆஃபரை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. பதிவுப் பணத்தை யுபியு முடிவு வந்த பிறகு கட்டலாமா, கட்டிவிட்டு விலகினால் திருப்பித் தருவார்களா என்று ஈமெயிலில் கேளுங்கள். போனில் சொல்வது கணக்கில் வராது. அந்தப் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஒரு காசும் கட்ட வேண்டாம்.