அப்பாவை ஹாஸ்பிஸில் சேர்க்கத் தயங்காதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் லண்டன் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பார்க்க வந்த அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, டாக்டர் ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளை வலியில்லாமல் கவனித்துக்கொள்ளும் இடம்) என்கிறார், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள். விசா நீட்டிப்பை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அறக்கட்டளை நடத்தும் ஹாஸ்பிஸில் பணம் கட்ட வேண்டாம். விசிட் விசாவில் வந்தவருக்கும் 2017 முதல் அதுதான் விதி. ஆனால் அவரையே அரசு மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கமான என்.ஹெச்.எஸ் (அரசு மருத்துவ சேவை) கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு பில் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதம் பாக்கி நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும். அடுத்த விசாவில் அது உதைக்கும். அதனால் "இதை நடத்துவது அறக்கட்டளையா, என்.ஹெச்.எஸ்ஸா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2018-இல் என் அம்மாவுக்கும் இதே நிலை வந்தபோது எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. "அது சாகப் போடுற இடம், பெத்தவளை அங்கேயா தள்ளுவே?" என்றார்கள், இருபது வருடமாக இங்கே இருக்கிற நம்மவர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து பதினெட்டு நாள் அம்மாவை வார்டிலேயே வைத்திருந்தேன். அந்த மருத்துவமனை பில் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. அதுகூடப் போகட்டும். வார்டில் மொழிபெயர்த்தது நான்தான். வலிக்குதா என்று கேட்டால், என் முகத்தைப் பார்த்து "ஒண்ணுமில்லம்மா" என்பார். அதையே டாக்டரிடம் சொன்னேன். கடைசி ஐந்து நாளுக்கு ஹாஸ்பிஸுக்கு மாற்றினோம். அங்கே என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்கள். பத்துக்கு எட்டு வலி என்றாராம் அம்மா. நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள் தம்பி, ஆள் கேளுங்கள். வலி மருந்தான மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அதைக் கொடுத்த அன்று ராத்திரிதான் அம்மா அசந்து தூங்கினார்.

1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் லண்டனின் சிடன்ஹாமில் தொடங்கிய வழி இது. ஹாஸ்பிஸ் செலவில் அரசு தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி, மக்கள் உயிலில் எழுதிவைப்பதும், உண்டியலும், பழைய துணி விற்கும் சாரிட்டி கடைகளும். பணக்கார நாடு இதைத் தானமாக நடத்தவிடுவது எனக்கு ஆறவே இல்லை. மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் கொண்டாடும் நம்மவர்கள் அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற வருத்தமும் உண்டு. நான் சனிக்கிழமைகளில் அங்கே கல்லாவில் நிற்கிறேன்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பாருங்கள். நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோன மிளகு ரசத்தை நர்ஸே சூடுபண்ணிக் கொடுத்தார். அம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, உப்பு குறைச்சல் என்றார்.