முதலாளி வராத கடை

கேள்வி: நாட்டின் தலைவருக்கு அரசியலில் ஈடுபாடு இல்லாவிட்டால் என்ன குறை? கட்சிச் சண்டையும் பேரமும் அவருக்கு எதற்கு? கெட்டிக்கார ஆலோசகர்களை வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்கிறபடி நாட்டை நடத்தலாமே?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நடத்திப் பார்த்தாயிற்றே! 2019 நவம்பரில் 69 இலட்சம் பேர் வாக்களித்தது கிட்டத்தட்ட இந்த யோசனைக்குத்தான். நாடாளுமன்ற உறுப்பினராகக்கூட இருந்ததில்லை என்பதையே கோட்டாபய ராஜபக்சவின் தகுதியாகச் சொன்னார்கள். அவர் அரசியல்வாதி இல்லையாம், வேலை செய்கிறவராம். கூடவே படித்தவர்கள், துறைசார் நிபுணர்கள் என்று வியத்மக அணி. "படித்த ஆட்கள் வந்தால் சரி" என்று உங்கள் வெள்ளவத்தையிலும் தலையாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கொஞ்சம் புறக்கோட்டைக்கு வாருங்கள். என் தாய்மாமா அங்கே ஓர் அரிசிக் கடையில் கணக்கெழுதினார். முதலாளி தங்கமான மனிதர், ஆனால் வியாபாரத்தில் மனசு இல்லை. காலையில் வருவார், வெற்றுக் காசோலைகள் பத்தில் கையெழுத்து வைப்பார், போய்விடுவார். கொள்முதலெல்லாம் பெரிய கணக்கப்பிள்ளையின் கையில். அவர் கல்லாவில் கைவைக்கிற ஆள் இல்லை. எந்த அரிசி எடுப்பது என்ற கேள்வி வந்தால், மூன்று சிறங்கை அரிசியைக் கொண்டுவந்து மேசையில் கடதாசி விரித்துக் கொட்டுவார். ஒன்றில் வண்டு ஊரும். இன்னொன்று யானை விலை. நடுவில் கிடப்பது கணக்கப்பிள்ளையின் மச்சானுடைய ஆலை அரிசி. முதலாளி விரலால் கிளறிப் பார்த்து, யோசித்து, நடுவில் கிடப்பதைக் காட்டுவார். தெரிவு செய்தது தான்தான் என்று கடைசிவரை நம்பினார், பாவம்.

அரசாங்கக் கோப்பிலும் இந்த மூன்று குவியல் உண்டு. ஒழுங்காக வருகிற அமைச்சரவைப் பத்திரத்தோடு திறைசேரியின் அவதானிப்பும் சேர்ந்து வரும். "இதற்குப் பணம் எங்கே?" என்று யாராவது ஒரு அதிகாரி அதில் கேட்டிருப்பார். பக்கம் புரட்டுகிற தலைவருக்கு அந்த வரி கண்ணில் படும். புரட்டாதவருக்கு ஒரு பக்கச் சுருக்கம் போகும். சுருக்கத்தில் எதை விடுவது என்று தீர்மானிக்கிறவருக்கு யாரும் வாக்களித்ததில்லை.

பசளை விவகாரத்தை எடுங்கள். தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது பத்து வருடத்தில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவது. 2021 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல், மே 6ஆம் திகதி வர்த்தமானி, இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. பத்து வருடம் பத்து நாளானது எப்படி? விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். வெளிப்படையாக எதிர்த்த பேராதனைப் பேராசிரியர் ஒருவரை விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து கழற்றிவிட்டார்கள். ஆக, ஜனாதிபதியைச் சுற்றி நிபுணர்களுக்குப் பஞ்சம் இல்லை. அவர் காதுக்கு இனிப்பானவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே, அவ்வளவுதான். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு அறிவித்தார்கள். ஏப்ரலில் ஜனாதிபதியே அது பிழை என்று ஒப்புக்கொண்டார்.

நியாயமாகப் பேசுவதென்றால், அவர் கோப்பைப் பார்க்காமல் தூங்கியவர் இல்லை. கட்டளை போடுவதில் ஆர்வம் நிறையவே இருந்தது. அவருக்கு ஆகாதது நீங்கள் வேண்டாம் என்கிற அந்தப் பேரம்தான். பொலன்னறுவைக்காரரோ கிளிநொச்சிக்காரரோ ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வந்து, "சேர், யூரியா இல்லாமல் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்" என்று புலம்புகிறார் பாருங்கள், அதற்குத்தான் அரசியல் என்று பெயர். அந்த ஆளுக்கு வாக்குப் போய்விடுமே என்ற பயம் இருக்கிறது. ஆலோசகருக்கு என்ன பயம்? அந்தப் புலம்பலைத் தொல்லை என்று நினைக்கிற தலைவருக்கு, ஆலோசகர் சொல்வதைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. கெட்டிக்கார ஆலோசகர் என்கிறீர்களே, கெட்டிக்காரர் யார் என்று அவருக்கு யார் சொல்வது? இன்னொரு ஆலோசகரா?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ரீகன் காலத்தில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தில் ஒரு பகுதி நிகராகுவாவின் கொன்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குப் போனது. அந்தக் கிளர்ச்சியாளர்களுக்கு இராணுவ உதவி கூடாது என்று காங்கிரஸ் ஏற்கெனவே தடுத்திருந்தது. 1986 நவம்பரில் குட்டு உடைந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த போயின்டெக்ஸ்டர் 1987இல் விசாரணையில் சொன்ன பதில் அழகானது: பணத்தைத் திருப்பிவிட்டதை ஜனாதிபதியிடம் வேண்டுமென்றே சொல்லவில்லையாம், பிற்பாடு அவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வசதியாக இருக்கட்டும் என்றுதானாம். எசமானைக் காப்பாற்ற எசமானுக்கே சொல்லாமல் அவர் வேலையைச் செய்கிற விசுவாசம்! விசாரித்த டவர் குழு, விவரங்களில் தலையிடாமல் விட்டுவிடும் ரீகனின் நிர்வாகப் பாணியையும் குறை சொன்னது. ஆனாலும் அவர் 1989 வரை பதவியில் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இங்கே அப்படி முடியவில்லை. காலிமுகத்திடலில் ஜனாதிபதி செயலகத்தின் வாசலிலேயே சனம் கூடாரம் அடித்தது. அப்புறம் 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பானவர்கள் என்று ராஜபக்ச சகோதரர்கள் மூவரோடு, ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி. பி. ஜயசுந்தர, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் லக்ஷ்மன், கப்ரால், திறைசேரிச் செயலாளராக இருந்த ஆட்டிகல என்று அதிகாரிகளையும் சேர்த்தது. "மேலிடம் சொன்னது, செய்தோம்" என்பதும் எடுபடவில்லை, "கீழே சொன்னார்கள், நம்பினோம்" என்பதும் எடுபடவில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? தீர்ப்பில் பெயர் வந்தவர்கள் எல்லோரும் பதவியில் இருந்து கையெழுத்து வைத்தவர்கள். பதவி இல்லாமல், கையெழுத்து இல்லாமல், மாலைத் தேநீரோடு காதில் ஓதிவிட்டுப் போனவர்கள் இன்றைக்கும் கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் "அரசியல் தெரியாத நல்லவர்" ஒருவர் வந்தால் அவர் பின்னாலும் இவர்கள்தான் வருவார்கள். கையில் கடதாசிப் பொட்டலம் இருக்கும்.