பித்தக்குழாய்க்கு சி.டி. ஸ்கேன்: மாமனாரை எப்படித் தயார்செய்வது?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. சில வாரங்களாகக் கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது. அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் 12 மி.மீ. விரிந்திருக்கிறது, காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். ஊசி மருந்து போட்டு சி.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். "குகைக்குள்ள தள்ளிப் பூட்டிடுவாங்களாமே" என்று பயப்படுகிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ கீழாநெல்லி போதும் என்கிறார்.
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கீழாநெல்லியை முதலில் முடித்துவிடுவோம். கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே வடியும். பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். உங்கள் மாமனார் விஷயம் வேறு. பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது. அதனால்தான் அரிப்பு, வெளுத்த மலம். அடைப்பை எந்தச் சாறும் திறக்காது.

குகை பயம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டதால் வந்தது. சி.டி. மெஷின் ஒரு பெரிய வளையம், அவ்வளவுதான். வயிற்று ஸ்கேனில் தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். படம் பிடிப்பது சில விநாடி. படுத்து எழ கால் மணி நேரம்.

வேட்டி கட்டி வரச்சொல்லுங்கள், ஜிப்பும் பக்கிளும் இல்லாத உடை. வெள்ளி அரைஞாண் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உலோகம் படத்தில் கோடு கோடாக விழும். கழற்ற மாட்டேன் என்று மேசையில் படுத்துக்கொண்டே வாதாடிய பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் கறுப்புக் கயிறு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கையில் ஊசி குத்தி அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். தொண்டையில் ஆரம்பித்து அடிவயிறு வரை குபீரென்று சூடு பரவும். வாயில் இரும்பு ருசி. சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும், போயிருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பதறி எழப் பார்ப்பார். ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தடிப்பு வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். "மூச்சை இழுத்துப் பிடி" என்ற கட்டளை சில மெஷின்களில் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கும். தமிழில் சொல்லும்படி டெக்னீஷியனிடம் கேளுங்கள். மூச்சு ஆடினால் பித்தக்குழாயும் ஆடும், படம் கலங்கும்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொதுவாக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. பலவீனமாக இருந்தால் அன்றும் அடுத்த 48 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். எது என்பதை டாக்டர் சொல்லட்டும். சில மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள் என்பதால் காலை நேரமாக வாங்குங்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுவிட்டு வந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. முன்பு இந்த மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் மறைக்காதீர்கள்.

இனி முக்கியமானது. "கல் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து இல்லாத கொழுப்புக் கல்லும் பித்தமும் சி.டி.யில் ஒரே நிறமாகத் தெரியலாம். கல்லைத் தேட எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மேல். இவர் வயதில் சி.டி.யிடம் கேட்பது வேறு கேள்வி: குழாய் எந்த இடத்தில் அடைகிறது, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கிறதா, பக்கத்து ரத்தக்குழாய்களைத் தொட்டிருக்கிறதா. அடைப்புக்கு ஸ்டென்ட் (பித்தம் இறங்க வழிவிடும் சிறு குழல்) வைப்பதற்கு முன்பே சி.டி. எடுப்பது நல்லது. வைத்த பிறகு அந்த இடம் படத்தில் தெளிவாகப் பிடிபடாது.

பிறகு ஜிப்மருக்கோ வேறெங்கோ போவதானால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அறுவை சிகிச்சை நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார்.

நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். குழாயில் கிருமி சேர்ந்ததன் அடையாளம் அது. ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பித்தப்பையை எடுத்தாயிற்று. இப்போது ஸ்கேனில் பித்தக்குழாய் 9 மி.மீ. என்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லை. நானும் சி.டி. எடுக்கவா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: பை போன பிறகு குழாய் கொஞ்சம் விரிவது சகஜம். கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். பிலிரூபினும் அல்கலைன் பாஸ்படேஸும் சரியாக இருந்து, வலியும் மஞ்சளும் இல்லையென்றால் பெரும்பாலும் சி.டி. தேவைப்படாது.